கால்வாய்ப் படகு வாங்கி ஓட்டுவது எப்படி? இங்கிலாந்து நேரோபோட் பற்றி ஒரு முழு வழிகாட்டி

"மாசா மாசம் வாடகை கட்டுறதுக்கு ஒரு படகு வாங்கிப் போட்டா மிச்சம்தானே மச்சி?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மிச்சமாகாது. வாடகைக்குப் போன பணம் டீசலுக்கும் கரிக்கும் பெயின்ட்டுக்கும் போகும். வீட்டில் நினைத்தே பார்த்திராத வேலைகள், தண்ணீர் பிடிப்பது, கழிவைச் சுமப்பது, பேட்டரியைப் பார்ப்பது எல்லாம், தினசரி கணக்கில் சேரும். இதைக் கேட்டும் ஆசை அடங்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

நானும் மனைவியும் 57 அடி நீளமுள்ள பழைய நேரோபோட் (கால்வாய்க்கென்றே குறுகலாகக் கட்டிய இரும்புப் படகு) ஒன்றை வாங்கி ஓட்டுவது இது ஏழாவது வருடம். முதல் மூன்று வருடம் வார இறுதிகளுக்கு மட்டும், பிறகு குடியிருப்பே அதில்தான். நான் சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் வளர்ந்தவன். அங்கே கால்வாய் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம். பறக்கும் ரயிலின் தூண்களே அதற்குள் நிற்கின்றன. அதே நீரில் ஒரு காலத்தில் ஆந்திரத்திலிருந்து விறகும் உப்பும் ஏற்றிப் படகுகள் வரும் என்று தாத்தா சொல்வார். நான் நம்பியதில்லை. இங்கே வந்து, 200 வருடத்துக்கு மேல் பழைய கால்வாயில் ஒரு பாட்டி டீ குடித்தபடி படகு ஓட்டிப் போனதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள்

வாங்குவதற்கு முன் ஒரு வாரமாவது வாடகைப் படகில் இருந்து பாருங்கள். ஜூலையில் வேண்டாம். ஜூலையில் எல்லாப் படகும் அழகுதான். மார்ச் கடைசியிலோ அக்டோபரிலோ எடுங்கள். மழையில் நனைந்த கயிற்றை விரல் மரத்துப்போகப் பிடித்தபடி நின்ற பிறகும் பிடித்திருந்தால் உங்களுக்கு இது ஒத்துவரும். ஓட்டுவதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. வாடகை நிறுவனத்தில் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 15 டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள்.

எல்லோரும் முதலில் ஓடுவது வேல்ஸின் லாங்கொலன் கால்வாய்க்கு. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸப்பும் கட்டி 1805இல் திறந்த பொன்ட்கசில்தே நீர்ப்பாலம் அங்கேதான் இருக்கிறது. டீ நதிக்கு மேலே 126 அடி உயரத்தில் ஒரு இரும்புத் தொட்டி. அதற்குள் படகு போகும். நடைபாதைப் பக்கம் கம்பித் தடுப்பு உண்டு. மறுபக்கம் எதுவும் இல்லை, தொட்டியின் விளிம்பு மட்டும்தான். என் மனைவி திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் கோடையில் நெரிசல். கற்றுக்கொள்வதற்கு ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயின் தெற்குப் பகுதி மேல்: நேப்டன் முதல் பேன்பரி வரை லாக் (படகை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி), தூக்குப் பாலம், கொண்டை ஊசி போன்ற வளைவு எல்லாமே கிடைக்கும்.

அளவைத் தீர்மானிப்பது

1760களிலும் 70களிலும் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் நடு இங்கிலாந்தின் கால்வாய்களுக்குத் திட்டமிட்டபோது லாக்கின் அகலத்தைச் சுமார் 7 அடி, நீளத்தைச் சுமார் 72 அடி என்று வைத்தார். லாக் சிறியதாக இருந்தால் தண்ணீரும் செலவும் குறையும். அவர் அன்று போட்ட கோடு இன்றும் உங்கள் படுக்கையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. நேரோபோட் என்றால் 6 அடி 10 அங்குலம். உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும்.

நீளத்தில் 57 அடி என்ற எண்ணை அடிக்கடி கேள்விப்படுவீர்கள். வடக்கே யார்க்‌ஷயரில் கால்டர் அண்ட் ஹெபிள் கால்வாயின் லாக்குகள் குட்டையானவை. அதற்குள் போகிற நீளம் இதுதான். 70 அடிப் படகில் உள்ளே தாராளமாக இருக்கும், ஆனால் வடக்கே பல இடங்களில் வாசலோடு திரும்ப வேண்டும்.

10, 12 அடி அகலமுள்ள வைட்பீம் படகைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. சின்ன ஃபிளாட் மாதிரிதான் இருக்கும். ஆனால் லண்டனிலிருந்து கிராண்ட் யூனியன் வழியாக லெஸ்டருக்குப் போக நினைத்தால் வாட்ஃபர்ட், ஃபாக்ஸ்டன் லாக்குகள் 7 அடிதான். வழி அங்கே முடிந்துவிடும். ஒரே இடத்தில் கட்டிப்போட்டு வாழ நினைப்பவர்களுக்கு வைட்பீம் சரி. ஊர் சுற்ற ஆசை இருந்தால் வேண்டாம்.

படகின் வால் பக்கத்திலும் வகை உண்டு. குரூசர் ஸ்டெர்ன் என்றால் பெரிய திறந்த தளம். கோடையில் நான்கு பேர் நின்று பேசலாம், மழையில் எல்லோரும் சேர்ந்து நனையலாம். டிரெடிஷனல் ஸ்டெர்னில் ஓட்டுபவர் வாசற்படிக்குள் நிற்பார். கால் கதகதப்பாக இருக்கும், பேச்சுத்துணைக்கு ஆள் நிற்க இடம் இருக்காது. எங்களுடையது இரண்டாவது வகை. சண்டை குறைவு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

உள்ளே இருக்கும் சமையலறையையும் சோபாவையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் வாங்குவது தண்ணீருக்கடியில் கண்ணில் படாமல் இருக்கிற இரும்புத் தகட்டை. விளம்பரங்களில் 10/6/4 என்று போட்டிருக்கும்: அடித்தளம் 10 மி.மீ., பக்கவாட்டு 6, மேல் அறை 4. புதிதாக இருந்தபோது இருந்த கனம் அது. இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரிய, படகைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்து ஒரு சர்வேயரைக் கொண்டு அல்ட்ராசவுண்டில் அளக்க வேண்டும். அவரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் காட்டும் பழைய அறிக்கையை நம்ப வேண்டாம். 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் முகம் சுளிக்கும், மேலே புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லும். அது ஆயிரக்கணக்கான பவுண்டுகள்.

நாங்கள் முதலில் பார்த்த படகு தேன் நிற மரப்பலகையும் பித்தளை விளக்குமாக மின்னியது. சர்வேயர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நீர்மட்டக் கோட்டருகே ஓர் இடத்தில் ஓசை மாறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். வால் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பதினொரு வட்டம். தரகர் "இதெல்லாம் சகஜம்" என்றார். நாங்கள் சர்வேயருக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அவ்வளவு உபயோகமாக நான் வேறு எதற்கும் செலவழித்ததில்லை.

இன்னொன்று: காருக்கு இருப்பது போல, இன்னார்தான் உரிமையாளர் என்று உறுதிசெய்யும் கட்டாயப் பதிவேடு கால்வாய்ப் படகுக்குக் கிடையாது. விற்பனைப் பத்திரம், முந்தைய ரசீதுகள், பாதுகாப்புச் சான்றிதழ், லைசன்ஸ் கடிதங்கள் எல்லாவற்றிலும் பெயரும் பதிவெண்ணும் ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். படகை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது.

காகித வேலை

இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 2,000 மைல் நீர்வழியை 2012 முதல் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அவர்களிடம் படகுக்கான லைசன்ஸ் வாங்க மூன்று விஷயம் வேண்டும்: போட் சேஃப்டி சான்றிதழ் (4 வருடத்துக்கு ஒருமுறை, எரிவாயு, மின்சாரம், எரிபொருள், காற்றோட்டம் எல்லாம் சோதிப்பார்கள்), மூன்றாம் நபர் காப்பீடு, பிறகு "படகை எங்கே வைப்பீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில்.

அந்தப் பதில் இரண்டு வகை. மெரினாவிலோ (படகுகளைக் கட்டிவைக்கும் துறை) கரையோரத்திலோ நிரந்தரக் கட்டுமிடம் வைத்துக்கொள்வது ஒன்று. அதற்குத் தனி வாடகை உண்டு. அங்கேயே குடியிருக்க அனுமதி உள்ள இடங்கள் மிகக் குறைவு என்பதையும் ஒப்பந்தத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றது கன்டினியுயஸ் குரூசர்: நிரந்தர இடம் இல்லாமல் நகர்ந்துகொண்டே இருப்பவர். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் 14 நாள், அந்தப் பக்கம் 14 நாள் என்று விளையாடினால் கடிதம் வரும். வருடத்தில் மொத்தம் 20 மைல் எல்லைக்குள்ளேயே சுற்றினால் போதாது என்பது டிரஸ்டின் நிலைப்பாடு. 2024 முதல் இப்படி நகர்பவர்களுக்கு லைசன்ஸில் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன், அதனால் ஓடுகிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். முகவரி இல்லாதது தனித் தலைவலி. வங்கி, கார் காப்பீடு, டாக்டர் என்று எங்கே போனாலும் "அஞ்சல் குறியீடு என்ன?" என்பார்கள். எங்கள் கடிதங்கள் மில்டன் கீன்ஸில் சித்தி வீட்டுக்குப் போகின்றன. "உங்க பேர்ல வர்ற கவர் எல்லாம் சேர்த்தா ஒரு படகே கட்டிடலாம்டா" என்பார் சித்தி.

ஓட்டக் கற்பது

பின்னால் சுக்கானைத் திருப்ப நிற்கிற ஒரு வளைந்த கம்பி, அதுதான் டில்லர். அதை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். இது அரை மணியில் பழகிவிடும். பழகாதது வேறு: படகு நடுவை மையமாக வைத்துத் திரும்புகிறது. மூக்கு வலப்பக்கம் போகும்போது வால் இடப்பக்கம் வீசும். கார் ஓட்டிப் பழகியவர்கள் மூக்கை மட்டும் பார்த்து வாலைக் கரையில் இடிப்பார்கள்.

பிரேக் கிடையாது. நிறுத்த ரிவர்ஸ் போட வேண்டும், ரிவர்ஸில் சுக்கான் கிட்டத்தட்ட வேலை செய்யாது. புரொப்பெல்லர் தண்ணீரைச் சுக்கான் மேல் தள்ளினால்தான் திருப்பம் கிடைக்கும். அதனால் பயத்தில் வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்குப் போனால் கட்டுப்பாடு போய்விடும். சின்னதாக ஒரு உந்து கொடுத்தால் மூக்கு திரும்பும்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். பெரும்பாலும் அதுகூட வராது. கால்வாய் ஆழம் குறைந்தது; ஆக்சிலேட்டரைக் கூட்டினால் வால் தாழ்ந்து அடியிலுள்ள சேற்றோடு மல்லுக்கட்டும், பின்னால் அலை எழுந்து கரையை அரிக்கும், வேகம் மட்டும் கூடாது. கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்ஜினை ஐடிலுக்குக் கொண்டுவாருங்கள். வேகமாகப் போனால் அவர்கள் அடுப்பில் இருக்கும் சாம்பார் தரையில் இருக்கும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். நம்மூர்ப் பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுங்கி நான் ஒருவரை மரக்கிளைக்குள் அனுப்பியிருக்கிறேன்.

படகைத் திருப்ப அகலமான இடங்கள் வெட்டிவைத்திருக்கிறார்கள். பெயர் விண்டிங் ஹோல். காற்றைக் குறிக்கும் விண்ட் போலவே உச்சரிப்பார்கள். மைல் கணக்கில் தள்ளித்தான் அடுத்தது வரும், எனவே வழி தவறினால் நிதானமாக வருத்தப்படலாம்.

பயண நேரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி 3ஆல் வகுத்தால் மணி நேரம். 9 மைலும் 12 லாக்கும் என்றால் 7 மணி நேரம். புதியவர்கள் நாளைக்கு அதற்கு மேல் போகாதீர்கள்.

லாக்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

நீர்ப்பூட்டு என்று அகராதி சொல்லும், நாங்கள் லாக் என்றே சொல்கிறோம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீரில் இறங்கும் படிக்கட்டு. இருபுறமும் கதவுள்ள கல் தொட்டி. கதவிலும் கரையிலும் பேடில் என்ற சின்ன மதகுப் பலகைகள். அவற்றை ஏற்றி இறக்க விண்ட்லாஸ் என்ற கைப்பிடி. மோட்டார் இல்லை. தண்ணீரின் எடையும் உங்கள் இடுப்பும்தான் வேலை செய்கின்றன. ஒரு குறுகிய லாக் ஒருமுறை காலியாகும்போது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போய்விடும், அதனால் தொடங்கும் முன் எதிர்ப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். லாக் அவர்கள் மட்டத்தில் இருந்தால் அவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு.

மேலே ஏறும்போது: தொட்டி காலியாக இருக்க வேண்டும். கீழ்க்கதவைத் திறந்து படகை உள்ளே விடுங்கள். கதவை மூடி, கீழ் பேடில்கள் இறங்கியிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். மேல் பேடிலைப் பாதி மட்டும் ஏற்றுங்கள். தண்ணீர் பீறிட்டு வந்து படகை முன்னும் பின்னும் உலுக்கும், அது அடங்கிய பிறகு முழுதாக ஏற்றுங்கள். கரையில் தனிப் பேடிலும் கதவில் தனிப் பேடிலும் இருந்தால் கரையிலிருப்பது முதலில். கதவுப் பேடிலை அவசரப்பட்டுத் திறந்தால் தண்ணீர் படகின் மூக்குக்குள் நேராகக் கொட்டும். மட்டம் சமமானதும் கதவு தானாக இளகும். அதற்கு முன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. வெளியே வந்ததும் பேடில்களை இறக்கிக் கதவை மூடுங்கள்.

கீழே இறங்கும்போதுதான் ஆபத்து. மேல்கதவுக்கு அடியில், தண்ணீருக்குள் மறைந்து, சில் என்ற கல்திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி காலியாகும்போது படகின் வால் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் மூக்கு மட்டும் கீழே போய்க்கொண்டே இருக்கும். சில நிமிடத்தில் படகு மூழ்கும். லாக்கின் விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். வால் அதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

எங்கள் இரண்டாம் வருடம், நேப்டனில். நான் டில்லரைப் பிடித்தபடி ஃபோனில் ஒரு செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கீழ் பேடிலை ஏற்றிக்கொண்டிருந்தாள். படகு மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தது தெரியவில்லை. 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அடுத்து உள்ளே அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாக உருண்டன. நான் "இறக்கு, இறக்கு!" என்று கத்தியதில் அவள் கேள்வி கேட்காமல் பேடிலை இறக்கினாள், பிறகு மேலே ஓடிப்போய் மேல் பேடிலைத் திறந்தாள். தண்ணீர் ஏறி, வால் சில்லிலிருந்து விடுபட்டது. செய்ய வேண்டியது இதே வரிசைதான்: முதலில் வெளியேறும் தண்ணீரை நிறுத்து, பிறகு உள்ளே நிரப்பு. அன்றிலிருந்து லாக்கில் என் ஃபோன் உள்ளே இருக்கும். பேடில் பக்கம் நிற்பவர், ஓட்டுபவர் கை காட்டாமல் எதையும் திறப்பதில்லை.

இறங்கும்போது கயிற்றைக் கரையில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. படகு அதில் தொங்கிவிடும். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள். விண்ட்லாஸை அச்சில் மாட்டியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல்சக்கரத்தின் பிடி விட்டால் அது விசிறி மாதிரிச் சுழலும், மணிக்கட்டு உடையும்.

தொடர் லாக்குகள் தனி அனுபவம். வாரிக் பக்கம் ஹாட்டனில் 21, கென்னட் அண்ட் ஏவனில் கேன் ஹில்லில் 29, டார்ட்பிக்கில் 30. அகல லாக்காக இருந்தால் இன்னொரு படகோடு ஜோடி சேர்ந்து போங்கள், தண்ணீரும் உழைப்பும் பாதி. ஃபாக்ஸ்டனில் ஐந்து ஐந்தாக இரண்டு படிக்கட்டு, ஒன்றின் மேல்கதவே அடுத்ததின் கீழ்கதவு. அங்கே பேடில்களுக்குச் சிவப்பு, வெள்ளை வண்ணம். சிவப்பு முதலில், வெள்ளை பிறகு. மாற்றித் திறந்தால் நடைபாதை முழுக்க வெள்ளம். தன்னார்வக் காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் வரச் சொன்ன பிறகு போங்கள்.

சுரங்கம்

நார்த்தாம்ப்டன்‌ஷயரின் பிளிஸ்வர்த் சுரங்கம் 3,076 கஜம், கிட்டத்தட்ட 2.8 கி.மீ. 1805இல் திறந்தது. குதிரை நடக்கப் பாதை இல்லாததால் அந்தக் காலத்தில் ஆட்கள் படகின்மேல் படுத்து, சுவரைக் காலால் உதைத்தே தள்ளிக்கொண்டு போனார்கள். இன்று நேரோபோட்டுகள் எதிரெதிரே கடக்கலாம். முன் விளக்கைச் சற்று வலப்பக்கம் திருப்பி வையுங்கள், எதிரே வருபவர் கண் கூசாது. உள்ளே விளக்கு எரியட்டும். ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். காற்றுக் குழாய்களுக்கு அடியில் தண்ணீர் கொட்டும். குடை வேண்டாம், தொப்பி போதும்.

புரொப்பெல்லரில் புடவை

லண்டனுக்கு மேற்கே சவுத்தால் பக்கம் கிராண்ட் யூனியனில் போகும்போது தேங்காய் மிதந்து வரும். நம்மவர்கள் பூஜை முடித்து நீரில் விடுவது. முதல்முறை பார்த்தபோது ஊர் ஞாபகம் வந்து சிரித்தேன். அரை மணி கழித்து இன்ஜின் முனகி, புகை கக்கி, படகு நின்றது.

இன்ஜின் அறையில் வீட் ஹேட்ச் என்ற மூடி இருக்கும். அதைத் திறந்தால் நேரே கீழே புரொப்பெல்லர். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிறகுதான் கையை விட வேண்டும். விட்டேன். ஐஸ் மாதிரித் தண்ணீரில் விரலில் ஜரிகை தட்டுப்பட்டது. முழுப் புடவை, தண்டைச் சுற்றி இறுக்கமாக முறுக்கியிருந்தது. ரொட்டி அறுக்கும் பல்கத்தியால் அறுத்து எடுக்க ஒன்றேகால் மணி நேரம். மனைவி துண்டுகளைப் பிழிந்து பார்த்துவிட்டு, "நல்ல பட்டு" என்றாள்.

முடிந்ததும் மூடியைச் சரியாகப் பொருத்தி இறுக்குங்கள். இதை மறந்துவிட்டு இன்ஜினைப் போட்டால் புரொப்பெல்லரே தண்ணீரைப் படகுக்குள் இறைக்கும். நின்ற இடத்திலேயே மூழ்கும் படகுகள் பலவற்றுக்கு இது காரணம். பல்கத்தி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கம்பி வெட்டும் கட்டர் மூன்றும் அந்த மூடிக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும்.

தண்ணீர், கழிவு, மின்சாரம், எரிவாயு

மூன்று தீரும், கழிவு நிரம்பும், நான்கும் ஒரே நேரத்தில் நடக்காது. அதுதான் தொல்லை.

எங்கள் தண்ணீர்த் தொட்டி சுமார் 500 லிட்டர், இருவருக்கு எட்டு ஒன்பது நாள் வரும். டிரஸ்டின் பொதுச்சாவி ஒன்று எல்லாப் படகோட்டிகளிடமும் இருக்கும். குழாய், கழிப்பிடம், சில பாலங்கள் எல்லாம் அதில் திறக்கும். இரண்டு வாங்கி ஒன்றைக் கார்க்கில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள், விழுந்தால் மிதக்கும்.

கழிவறைக்கு மூன்று வழி. பெரிய தொட்டி வைத்து, சில வாரத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து உறிஞ்சி எடுக்கச் சொல்வது, சூட்கேஸ் மாதிரிக் கேசட்டை நீங்களே தூக்கிப்போய் எல்சன் என்ற இடத்தில் கொட்டுவது, உலர் கழிவறை. நாங்கள் கேசட். மூன்று கேசட் வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் கால்வாய் உறைந்து படகு நகராமல் போனால் மூன்றாவதன் அருமை தெரியும்.

மின்சாரம் 12 வோல்ட் பேட்டரிகளிலிருந்து. 110 ஆம்பியர்-மணி கொண்ட நான்கு லெட்-ஆசிட் பேட்டரி என்றால் 440 என்று நினைக்காதீர்கள். பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் சாகும், எனவே 220தான் கணக்கு. சோலார் தகடு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ராஜா, டிசம்பரில் அலங்காரம். அப்போது தினமும் ஓரிரு மணி இன்ஜின் ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜின் போடக் கூடாது.

மிக்ஸியைப் பற்றிக் கேட்பீர்கள். 750 வாட் மிக்ஸிக்கு 2,000 வாட் இன்வர்ட்டர் வைத்தோம். கிளம்பும்போது அது இழுக்கிற மின்சாரத்தைச் சின்ன இன்வர்ட்டர் தாங்கவில்லை. படகு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சட்னி அரைப்போம். இட்லி மாவு இங்கிலாந்துக் குளிரில் புளிக்காது என்பவர்களுக்கு ஒரு ரகசியம்: இன்ஜின் சூட்டிலேயே வெந்நீர்த் தொட்டி காயும். அந்த அலமாரிக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்துவிட்டு நாலைந்து மணி நேரம் படகு ஓட்டினால் மறுநாள் காலை மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

சமையல் எரிவாயு புரொபேனாக இருக்கட்டும். பியூட்டேன் உறைநிலைக் குளிரில் வாயுவாக மாறாமல் அடம்பிடிக்கும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் அறைக்கு வெளிப்பக்கமாக வடிகால் துளை இருக்கும். அதன்மேல் கயிற்றுச் சுருளை வைத்து அடைக்காதீர்கள்.

குளிர்காலம்

புகையில்லாக் கரி போடும் இரும்பு அடுப்புதான் படகின் இதயம். ஜனவரியில் ஒரு மூட்டை எங்களுக்கு மூன்று நாள் வரும். கார்பன் மோனாக்சைடு மணி 2019 முதல் பாதுகாப்புச் சான்றிதழுக்கே கட்டாயம்; கட்டாயமில்லாவிட்டாலும் இரண்டு மாட்டுங்கள், ஒன்று படுக்கை பக்கம். குளிருக்குப் பயந்து காற்றோட்டத் துளைகளைத் துணி வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தற்கொலை.

ஈரம் இன்னொரு எதிரி. குக்கர் ஒரு விசில் விட்டால் ஜன்னல் சட்டத்தில் தண்ணீர் ஓடும். மெத்தைக்கு அடியில் பலகையும் காற்று புக இடமும் வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை.

நவம்பரிலிருந்து மார்ச் வரை டிரஸ்ட் லாக்குகளை வடித்துப் பழுது பார்க்கும். அறிவிப்புகளைப் பார்த்து, எந்த இரண்டு மூடல்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளலாம் என்று முன்பே தேர்வுசெய்யுங்கள். அங்கே தண்ணீர்க் குழாய், கழிவிடம், கரிக்கடை மூன்றும் இருக்க வேண்டும். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். உங்கள் படகின் கறுப்புப் பூச்சையும் பக்கத்துப் படகினுடையதையும் அது சுரண்டிவிடும்.

அந்தப் பூச்சின் பெயர் பிளாக்கிங். 2, 3 வருடத்துக்கு ஒருமுறை படகை வெளியே எடுத்து, கழுவி, தார் பூச வேண்டும். நாங்களே அடித்துவிடுவோம், நான்கு நாள் வேலை. அப்போதே பக்கவாட்டில் பற்றவைத்திருக்கும் மக்னீசிய அனோடுகளைப் பாருங்கள். இரும்புக்குப் பதிலாக அவை கரையும், பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். மெரினாவில் கரை மின்சாரம் எடுத்தால், இரும்பை அரிக்கும் மின்னோட்டத்தைத் தடுக்கிற கால்வானிக் ஐசொலேட்டர் வையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் படகின் கோளாறு உங்கள் தகட்டைத் தின்னும்.

நாள் முடிவில்

கரையில் இரும்புத் தகடு அடித்திருந்தால் அதற்கென்றுள்ள கொக்கி, மண்ணாக இருந்தால் முளை. மழை பெய்து ஊறிய மண்ணில் முளையைச் சாய்வாக அடியுங்கள். முன்னும் பின்னும் கயிறு, இரண்டும் படகிலிருந்து விலகிச் சாய்ந்தபடி.

பிறகு இன்ஜின் அறை. ஸ்டெர்ன் கிளாண்டின் (புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்து அடைப்பு) பித்தளைத் திருகை, எதிர்ப்பு தட்டும்வரை திருப்பிக் கிரீஸ் இறக்க வேண்டும். தண்டு வழியாகத் தண்ணீர் உள்ளே சொட்டாமல் இருக்க. மறந்துவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது, உள்ளே தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் பேட்டரியை முழுக்கக் குடித்துவிட்டிருக்கும். காலையில் எண்ணெய், கூலன்ட், பெல்ட்.

கடைசியாக விண்ட்லாஸ்களை எண்ணுவோம். இரண்டு இருக்க வேண்டும். போன மாதம் ஒன்றுதான் கொக்கியில் இருந்தது. மற்றது லாக்குக்குள் விழுந்ததை மனைவி சொல்லவில்லை, நானும் அடுத்த லாக் வரை கேட்கவில்லை. மறுநாள் காலை கயிற்றில் கட்டிய பெரிய காந்தத்தை விட்டுத் துழாவினோம். ஒரு சைக்கிள் சங்கிலி, யாரோ தொலைத்த வேறு இரண்டு விண்ட்லாஸ் எல்லாம் வந்தன. எங்களுடையது வரவில்லை. எடை குறைவு என்று அலுமினியத்தில் வாங்கியிருந்தோம், காந்தத்தில் ஒட்டாது. இரும்பில் வாங்குங்கள்.